பதிவேட்டில் ஓடிய எல்லைக்கோடு: கொரிய–ஜப்பானியத் திருமணங்களின் நூறாண்டு

கொரியரும் ஜப்பானியரும் மணந்துகொள்வதற்கான சட்ட வழி 1921 கோடையில்தான் ஒழுங்காகத் திறந்தது. 1910 ஆகஸ்டில் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது முதல் இரு தரப்பாரும் ஒரே பேரரசரின் குடிகள். ஆனாலும் அவர்கள் பெயர் எழுதப்பட்ட ஏடுகள் வேறு வேறு. ஜப்பானியர் பெயர் 'கோசெகி' எனப்படும் குடும்பப் பதிவேட்டில் இருந்தது. கொரியருக்கு என்று தனிப் பதிவேடு இருந்தது. ஒசாக்காவிலேயே பிறந்து வளர்ந்தாலும் கொரியர் பெயர் கொரிய ஏட்டில்தான் ஏறும். ஓர் ஏட்டிலிருந்து மற்றொன்றுக்கு விருப்பம்போல மாற முடியாது. 1918ல் வந்த பொதுச் சட்டமும் அதையொட்டி 1921ல் கொரியாவின் தலைமை ஆளுநர் பிறப்பித்த ஆணையும் அதற்குத் திறந்துவிட்ட வழிகள் திருமணமும் தத்தெடுப்பும் மட்டுமே. கொரியரைக் கைப்பிடித்த ஜப்பானியப் பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு ஏட்டில் அடிக்கப்பட்டுக் கணவரின் கொரிய ஏட்டில் ஏறியது. ஜப்பானியரை மணந்த கொரியப் பெண் ஜப்பானிய ஏட்டுக்குப் போனார். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன கொரிய ஆணும் அப்படியே. அன்று அது எழுத்தரின் பேனா வேலையாகத்தான் தெரிந்தது. 30 ஆண்டுகள் கழித்து, யார் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை அந்தப் பேனாக்கோடுதான் முடிவு செய்தது.

இரு நாடுகளுக்கும் இடையிலான பழம்பகை பெரிது. 1592 முதல் 1598 வரை ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடி, வெட்டிய மூக்குகளையும் காதுகளையும் உப்பிட்டு ஜப்பானுக்கு அனுப்பின. அவற்றைப் புதைத்த மேடு கியோட்டோவில் இன்றும் இருக்கிறது. 1895ல் அரசி மின் சியோல் அரண்மனைக்குள்ளேயே ஜப்பானியரால் கொல்லப்பட்டார். இரு இனத்தாரும் கலந்த குடும்பங்களில் எழும் கசப்பை எல்லாம் இந்த நினைவுகளின் கணக்கில் எழுதிவிடுவது பலருக்கும் வழக்கம். அது பாதிதான் சரி. நிச்சயதார்த்தம் முறிந்தது, தாய்வீடு கதவடைத்தது, பிள்ளைக்கு எந்தப் பெயர் வைப்பது என்று வீடு இரண்டுபட்டது போன்ற சம்பவங்களை அருகில் போய்ப் பார்த்தால், பழம்போரைவிட அரசு எழுதிவைத்த ஏடும் சட்டமுமே முன்னால் நிற்கின்றன.

பேரரசு இந்தத் திருமணங்களுக்கு முன்மாதிரி காட்டத் தேர்ந்தெடுத்தது கொரிய அரச குடும்பத்தை. கோஜோங் மன்னரின் மகனும் பட்டத்து இளவரசருமான யி உன், 1907 டிசம்பரில், 10 வயதில், படிப்பு என்ற பெயரில் தோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அழைத்துச் சென்றவர் கொரியாவில் ஜப்பானின் பிரதிநிதியாக இருந்த இத்தோ ஹிரோபுமி. அதே ஆண்டில் இளவரசருக்கென்று மின் காப்-வான் என்ற கொரியப் பெண் பார்த்து வைக்கப்பட்டிருந்தார். அந்தப் பேச்சை ஜப்பானிய அரசு முறித்து, தன் அரச குலத்தின் கிளையான நஷிமோட்டோ குடும்பத்து மசாக்கோவை யி உன்னுக்கு நிச்சயித்தது. மசாக்கோவுக்கு அப்போது 14 வயது. தனக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்ட செய்தியை 1916 ஆகஸ்டில் நாளிதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். ஜப்பானிய அரச குலப் பெண் கொரிய அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட அரச குலச் சட்டத்தில் இடமில்லை. 1918ல் அதற்கென்றே சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது.

1919 ஜனவரியில் நடக்கவிருந்த திருமணத்துக்குச் சில நாள் முன்பு, 21ஆம் தேதி, கோஜோங் இறந்தார். நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. இறுதி ஊர்வலத்துக்காகச் சியோலில் கூடிய மக்களிடையேதான் மார்ச் 1 விடுதலை இயக்கம் வெடித்தது. தள்ளிப்போன திருமணம் 1920 ஏப்ரல் 28 அன்று தோக்கியோவில் நடந்தது. அடுத்த ஆண்டு மகன் ஜின் பிறந்தான். 1922ல் குழந்தையோடு இருவரும் கொரியாவுக்குப் போய்ச் சடங்குகளை முடித்துத் திரும்பும் தறுவாயில் குழந்தை திடீரென்று நோயுற்று இறந்தது. கோஜோங்குக்கு நேர்ந்ததற்குப் பழிவாங்கக் கொரியர்கள் நஞ்சு வைத்தார்கள் என்று ஒரு பேச்சு; கொரிய அரச வம்சம் வேரூன்றக் கூடாது என்று ஜப்பானியர்கள் செய்தது என்று இன்னொரு பேச்சு. எதற்கும் சான்று இல்லை. ஒன்பது மாதக் குழந்தையின் சாவுக்கு இரு நாட்டாரும் ஆளுக்கொரு விளக்கம் வைத்துக்கொண்டார்கள் என்பதே அந்தத் திருமணம் எந்தச் சூழலில் நடந்தது என்பதைக் காட்டப் போதும்.

அரசியலுக்காகக் கட்டிவைத்த இந்தத் திருமணம் நிலைத்தது என்பதுதான் வேடிக்கை. 1947ல் இருவரும் அரச தகுதியை இழந்து ஜப்பானில் அந்நியராகப் பதிவானார்கள். புதிய தென்கொரியாவின் அதிபர் சிங்மன் ரீ அவர்களை நாடு திரும்ப விடவில்லை. 1963ல் பார்க் சுங்-ஹீயின் ஆட்சியில் திரும்பியபோது யி உன் பக்கவாதத்தால் நினைவிழந்து கிடந்தார், 1970ல் காலமானார். மசாக்கோ ஜப்பானுக்குப் போகவில்லை. யி பாங்ஜா என்ற கொரியப் பெயரோடு சியோலின் சாங்தோக் அரண்மனையின் நக்சோன்ஜே இல்லத்தில் தங்கி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கு உழைத்து, 1989ல் அங்கேயே இறந்தார். கொரியப் பொதுமக்கள் அவரைத் தங்களவராக ஏற்றுக்கொண்டதற்கு அந்தக் கடைசிக் கால் நூற்றாண்டே காரணம். நிச்சயம் முறிக்கப்பட்ட மின் காப்-வான் கடைசிவரை மணம் செய்துகொள்ளாமல் 1968ல் மறைந்தார்.

யி உன்னின் தங்கை தொக்ஹே இளவரசிக்கு அந்த அமைதியும் வாய்க்கவில்லை. 1925ல் தோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்ட அவர் 1931ல் சுஷிமா தீவின் பழைய ஆட்சிக் குடும்பத்தைச் சேர்ந்த சோ தகேயுகி பிரபுவுக்கு மணமுடிக்கப்பட்டார். சோ குடும்பம் பல நூற்றாண்டுகளாகக் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே தூதும் வாணிகமும் நடத்திய குடும்பம். அந்த வகையில் சம்பந்தம் பொருத்தமாகவே தெரிந்திருக்கும். தொக்ஹேயின் மனநோய் திருமணத்துக்கு முன்பே தலைகாட்டியிருந்தது, பின்னர் முற்றியது. பல ஆண்டுகள் மருத்துவமனையில் கழிந்தன. 1955ல் மணமுறிவு, அடுத்த ஆண்டு ஒரே மகள் காணாமற்போனார். 1962ல் தொக்ஹே கொரியா திரும்பினார். கொரியாவில் சோ தகேயுகி நெடுங்காலம் கொடுமைக்காரக் கணவராகவே சித்திரிக்கப்பட்டார். ஆங்கில இலக்கிய ஆசிரியரும் கவிஞருமான அவரோ இறக்கும்வரை அந்தத் திருமணத்தைப் பற்றி வெளியே வாய் திறக்கவில்லை. அவருக்கும் அந்த மணத்தை மறுக்கும் உரிமை பெரிதாக இருந்திருக்காது என்பதைக் கொரிய வாசகர்கள் கவனிக்க நாளாயிற்று.

அரசு கட்டிவைத்த இந்தத் திருமணங்களுக்கு நேர் எதிரான ஒன்று அதே காலத்தில் தோக்கியோவின் ஏழைக் குடியிருப்பில் உருவானது. கானெக்கோ ஃபுமிக்கோ 1903 வாக்கில் யோகோஹாமாவில் பிறந்தவர். பெற்றோர் திருமணத்தைப் பதியாததால் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பள்ளியில் முறையாகச் சேர்க்கவும் மறுத்தார்கள். பிறகு தாய்வழித் தாத்தாவின் மகள் என்று பொய்யாகப் பதிந்து, கொரியாவில் குடியேறியிருந்த தந்தைவழிப் பாட்டியிடம் அனுப்பினார்கள். அங்கே வேலைக்காரியினும் கீழாக நடத்தப்பட்ட அந்தச் சிறுமி, தன் வீட்டார் கொரியரை நடத்திய விதத்தையும் மார்ச் 1 இயக்கத்தையும் நேரில் கண்டார். தோக்கியோ திரும்பி, 1922ல் பாக் யோல் என்ற கொரிய அராஜகவாதியின் கவிதையைப் படித்து அவரைத் தேடிப் போய்ச் சேர்ந்து வாழத் தொடங்கினார்.

1923 செப்டம்பர் 1 அன்று கான்டோ பகுதியைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. கிணறுகளில் கொரியர் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. ஊர்க்காவல் கும்பல்கள் சாலைகளை மறித்து, வழிப்போக்கர்களை '15 யென் 50 சென்' என்று ஜப்பானிய மொழியில் சொல்லவைத்து, நாக்குப் பிறழ்ந்தவர்களைக் கொன்றன. படையினரும் போலீசாரும் அதில் கலந்துகொண்டனர். பலியானோர் பல ஆயிரம். 6,000 என்ற கணக்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுகிறது. இந்தக் குழப்பத்தில் பிடிபட்ட பாக் யோல், ஃபுமிக்கோ மீது பேரரசர் குடும்பத்தைக் கொல்லச் சதி செய்ததாக வழக்குத் தொடரப்பட்டது. 1926 மார்ச்சில் தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்பு இருவரும் சிறையிலிருந்தே திருமணத்தைப் பதிவு செய்தார்கள். ஏட்டை வாழ்நாளெல்லாம் வெறுத்த ஃபுமிக்கோ அதே ஏட்டைத் தன் பக்கத்துச் சாட்சியாக மாற்றிக்கொண்டார் என்று சொல்லலாம். தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டபோது ஃபுமிக்கோ அந்த ஆணையைக் கிழித்துப்போட்டார். ஜூலை 23 அன்று சிறையில் இறந்துகிடந்தார். அவருடைய சாம்பல் கொரியாவில் பாக் யோலின் ஊரான முன்க்யோங்கில் அடக்கம் செய்யப்பட்டது. 2018ல் தென்கொரிய அரசு அவருக்கு விடுதலைப் போராட்டத்துக்கான விருதை வழங்கியது. ஜப்பானியருக்கு இது அரிதாகவே கிடைத்த சிறப்பு.

பெரும்பாலான கலப்பு மணங்கள் இவ்வளவு பெயர் பெற்றவையல்ல. 1920களில் ஜேஜு தீவிலிருந்து ஒசாக்காவுக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின் அந்த நகரத்து ஆலைகளுக்குக் கொரியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். வீட்டுக்காரர்கள் வாடகைக்குவிட மறுத்ததால் இக்காய்னோ போன்ற ஒரு சில இடங்களில் நெருங்கிக் குடியிருந்தார்கள். வந்தவர்களில் ஆண்களே அதிகம். அதே ஆலைகளிலும் உணவுக்கடைகளிலும் வேலை செய்த ஏழை ஜப்பானியப் பெண்களோடு உறவு ஏற்பட்டது. பல குடும்பங்கள் பதிவில்லாமலேயே ஓடின. கொரியாவில் குடியேறிய ஜப்பானியரோ தனித் தெருக்களில், தனிப் பள்ளிகளோடு வாழ்ந்தார்கள். கொரியரோடு சம்பந்தம் செய்துகொண்டவர்கள் அவர்களுள் மிகச் சிலர்.

1936ல் தலைமை ஆளுநரான மினாமி ஜிரோ, ஜப்பானும் கொரியாவும் ஒரே உடல் என்ற முழக்கத்தைக் கையிலெடுத்து, கலப்பு மணம் செய்தவர்களைப் பாராட்டச் செய்தார். ஆனால் தோக்கியோவின் சுகாதார நல அமைச்சகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1943ல் தயாரித்த உள்ளறிக்கை, யமாத்தோ எனப்படும் ஜப்பானிய இனத்தின் தூய்மை கெடும் என்று கலப்பு மணத்தை எதிர்த்தது. ஒரே பேரரசின் இரு அலுவலகங்கள் ஒரே படுக்கையறையைப் பற்றி எதிரெதிராக எழுதிக்கொண்டிருந்தன.

இடையில் 1940ல் பெயர்ச் சட்டம் வந்தது. கொரியாவில் மனைவி திருமணத்துக்குப் பின்னும் பிறந்த குலப்பெயரையே வைத்திருப்பார். புதிய சட்டம் வீட்டுக்கு ஒரே குடும்பப் பெயர் என்ற ஜப்பானிய முறையைப் புகுத்தியது. ஆறு மாதத்துக்குள் சுமார் 80 சதவீதக் குடும்பங்கள் ஜப்பானியப் பாணிப் பெயரைப் பதிந்தன. விடுதலைக்குப் பின் கொரியாவில் அந்தப் பெயர்கள் செல்லாதவையாக்கப்பட்டன. ஜப்பானில் தங்கிவிட்ட கொரியர்களிடம் மட்டும் அவை புழங்குபெயர்களாக ஒட்டிக்கொண்டன. அந்தப் பழக்கத்தின் மனவலியைச் சட்டம் வருவதற்கு முன்பே கிம் சா-ரியாங் 1939ல் ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு கதை தொட்டிருந்தது: கொரியத் தாயை மறைக்கும் ஒரு சிறுவன், ஜப்பானியப் பெயரால் மாணவர்கள் அழைப்பதைத் திருத்தாமல் விட்டுவிட்ட ஒரு கொரிய ஆசிரியர். அகுதகவா விருதுக்கு அக்கதை பரிந்துரைக்கப்பட்டது.

1945 ஆகஸ்டில் பேரரசு கலைந்தபோது ஜப்பானில் ஏறத்தாழ 20 லட்சம் கொரியர் இருந்தனர். கொரியாவில் சுமார் 7 லட்சம் ஜப்பானியக் குடிமக்கள். சில மாதங்களில் பெரும்பாலோர் சொந்த நாடு திரும்பினார்கள். கலப்புக் குடும்பங்களுக்கு எது சொந்த நாடு என்பதுதான் சிக்கல். கணவரோடு கொரியாவுக்குக் கப்பலேறிய ஜப்பானிய மனைவியர் பலர், அங்கே கணவருக்கு இளவயதில் மணமுடித்த முதல் மனைவி காத்திருப்பதைக் கண்டார்கள். மொழி தெரியாது, மாமியார் வீட்டில் எதிரிநாட்டுப் பெண். 1950ல் கொரியப் போர் வந்து பலருடைய கணவரைக் கொண்டுபோனது. தெருவில் ஜப்பானிய மொழி பேசினால் வசவு விழும் என்று வாய்மூடி வாழ்ந்தார்கள்.

ஓவியர் லீ ஜுங்-சோப்பின் குடும்பக் கதை கொரியாவில் எல்லோரும் அறிந்தது. தோக்கியோவில் ஓவியம் படித்தபோது பழகிய யாமமோட்டோ மசாக்கோ, 1945ல், குண்டுவீச்சுக்கு நடுவே தனியாகக் கடல் கடந்து வந்து, மே மாதம் வோன்சானில் அவரை மணந்தார். போரில் வடக்கிலிருந்து தப்பி, பூசானிலும் ஜேஜுவின் சோக்விப்போவிலும் அகதிகளாக வறுமையில் உழன்றார்கள். 1952ல் மசாக்கோ இரு மகன்களோடு ஜப்பானியரை ஏற்றிச்சென்ற கப்பலில் தோக்கியோ திரும்பினார். இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு இல்லை. பயணச்சீட்டு வாங்கிப் போய் வரக்கூடிய காலம் அது இல்லை. 1953ல் மாலுமிக்குரிய ஆவணம் ஒன்றைப் பெற்று ஏறக்குறைய ஒரு வாரம் மட்டும் குடும்பத்தோடு இருந்துவிட்டு வந்தார் லீ. பிறகு மனைவிக்கு ஜப்பானிய மொழியில் படம் வரைந்த கடிதங்களாக எழுதிக்கொண்டேயிருந்து, 1956 செப்டம்பரில் சியோல் மருத்துவமனையில் தனியாக இறந்தார், வயது 40. அவர் இன்று கொரியாவின் தேசிய ஓவியர் எனக் கொண்டாடப்படுகிறார். மறுமணம் செய்யாத மசாக்கோ 2022ல் நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

1952 ஏப்ரல் 28 அன்று சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது பழைய பேனாக்கோடு உயிர்பெற்றது. கொரியப் பதிவேட்டில் பெயர் இருந்தவர் அனைவரும் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள் என்று ஜப்பானிய அரசு அறிவித்தது. ஜப்பானில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 6 லட்சம் கொரியரோடு, அவர்களை முன்பே பதிவுத் திருமணம் செய்திருந்த ஜப்பானியப் பெண்களும் ஒரே நாளில் அந்நியரானார்கள். மறுபுறம், ஜப்பானியரை மணந்து ஜப்பானிய ஏட்டுக்கு வந்திருந்த கொரியப் பெண் ஜப்பானியராகவே நீடித்தார். பிறப்போ மொழியோ வசிப்பிடமோ எதுவும் கணக்கில் வரவில்லை. 1961ல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் சரியென்றது. கொரியாவில் கைவிடப்பட்ட மனைவியர் தாய்நாடு திரும்ப விரும்பினால் ஜப்பானில் ஒருவர் அவர்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. குடும்பத்தை எதிர்த்துக் கொரியரை மணந்தவளுக்கு அண்ணன்மார் கையெழுத்துப் போட முன்வருவது அரிது. 1972ல் க்யோங்ஜூ நகரில் கிம் யோங்-சோங் தொடங்கிய நாசரேத் இல்லம் இப்படிப்பட்ட பெண்கள் நாடு திரும்ப உதவியது. போக்கிடம் இல்லாதவர்கள் அங்கேயே முதுமையைக் கழித்தார்கள்.

வடக்கே போனவர்களின் நிலை இதைவிடக் கடினம். 1959 டிசம்பரில் நீகாத்தா துறைமுகத்திலிருந்து வடகொரியாவுக்குக் குடிபெயர்வுக் கப்பல்கள் கிளம்பின. 1984 வரை போனவர் சுமார் 93,000 பேர். அவர்களுள் சுமார் 1,800 பேர் கொரியரின் ஜப்பானிய மனைவியர். மூன்று ஆண்டுகளில் ஊருக்கு வந்து போகலாம் என்ற வாக்குறுதி அவர்களுக்கு இருந்தது. முதல் குழுவாக 15 பேர் ஊர் பார்க்க வந்தது 1997 நவம்பரில். 2000 வரை மூன்று குழுக்களாக வந்தவர் 43 பேர் மட்டுமே. கொரியரைக் கட்டியதற்காக ஏற்கெனவே உறவறுத்த தாய்வீடுகள் அவர்களைத் தேடவும் அதிகம் முயலவில்லை.

ஜப்பானில் தங்கிய கொரியரை, அங்கே வாழ்பவர் என்ற பொருளில், 'ஸைனிச்சி' என்பார்கள். இரண்டாம் தலைமுறைக்கு ஜப்பானியமே தாய்மொழி. புழங்குபெயரோடு பள்ளிக்குப் போய், அக்கம்பக்கத்தாரோடு வேறுபாடு தெரியாமல் வளர்ந்தார்கள். திருமணப் பேச்சு வரும்போதுதான் மறைவு கலையும். பெண்ணையோ பிள்ளையையோ கொடுக்குமுன் விசாரணை முகமையை அமர்த்தி மறுதரப்பின் குலம் கோத்திரம் துருவுவது ஜப்பானிய நடுத்தரக் குடும்பங்களில் பரவலான வழக்கமாக இருந்தது. கோசெகியின் நகல் இதற்கு முதன்மையான கருவியாக இருந்தது. 1976 வரை யாரும் யாருடைய பதிவேட்டையும் கேட்டுப் பார்க்க முடிந்தது. தீண்டாமைக்கு உள்ளான புராக்கு மக்களைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட அதே வழி, கொரிய வேரைக் கண்டுபிடிக்கவும் பயன்பட்டது. குடியுரிமை பெற்றவரானால் அந்தச் செய்தியும் ஏட்டில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் பழகிய காதலரிடம் எப்போது உண்மையைச் சொல்வது என்ற கேள்வி ஸைனிச்சி இளைஞர் ஒவ்வொருவர் முன்னும் நின்றது. கானெஷிரோ கஸுகியின் 'கோ' நாவல் 2000ல் நவோகி விருது பெற்றது. அதன் நாயகன் தன் பிறப்பைச் சொன்னதும் காதலி பின்வாங்குகிறாள். கொரியர், சீனர் இரத்தம் அசுத்தம் என்று தந்தை சொல்லி வளர்த்த பெண் அவள். ஜப்பானிய வாசகர்கள் அந்தக் காட்சியை மிகையென்று ஒதுக்கவில்லை. அரச குலத்தின் இரத்தத்திலேயே கொரியா உண்டு என்பதை 2001 டிசம்பரில் பேரரசர் அகிஹிட்டோ வெளிப்படையாகச் சொன்னார்: 8ஆம் நூற்றாண்டுப் பேரரசர் கன்முவின் தாய், கொரியாவின் பண்டைய பேக்ஜே அரசின் மன்னர் முர்யோங்கின் வழிவந்தவர். கொரியப் பத்திரிகைகள் இதைப் பெரிதாக வெளியிட்டன. ஜப்பானியப் பத்திரிகைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

மறுப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. கொரியப் பெற்றோருக்கு ஜப்பானிய மருமகள் என்றால் முன்னோர் வழிபாடான 'ஜேசா'வை யார் நடத்துவது என்ற கவலை. குறிப்பாக மூத்த மகனின் திருமணத்தில் அது பெரும் சண்டையாகும். தங்களை ஆலையிலும் சுரங்கத்திலும் வதைத்தவர்களின் வீட்டில் பெண்ணெடுப்பதா என்ற கொதிப்பும் முதல் தலைமுறையிடம் இருந்தது. தெற்கு ஆதரவு அமைப்பான மின்தானும் வடக்கு ஆதரவு அமைப்பான சோங்ரியோனும் கொரியருக்குள்ளேயே வரன் பார்த்துக் கொடுத்தன. மின்தானின் முதல் தலைவர் ஃபுமிக்கோவின் கணவர் பாக் யோல்தான் என்பது நினைவிருக்கட்டும். ஆனால் வெள்ளம் வேறு பக்கம் ஓடியது. 1950களின் நடுவில் ஸைனிச்சி கொரியரின் திருமணங்களில் மூன்றில் ஒன்று அளவுதான் ஜப்பானியரோடு நடந்தது. 1970களின் நடுவில் பாதி. 1990களில் ஐந்தில் நான்கு.

இவர்களின் பிள்ளைகளுக்கு 1985 வரை தந்தையின் குடியுரிமைதான். கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த குழந்தை அந்நியர். 14 வயதில் விரல்ரேகை பதிய வேண்டும். 1980களில் அந்த வயது 16 ஆக உயர்ந்தது. இதைத் தவிர்க்கச் சில தம்பதியர் திருமணத்தையே பதியவில்லை: சட்டத்தின் கண்ணில் தந்தையில்லாக் குழந்தை தாயின் ஏட்டில் ஜப்பானியராக ஏறும். பிள்ளைக்குக் குடியுரிமை வேண்டுமானால் முறைகேடான பிறப்பு என்ற பட்டத்தை ஏற்க வேண்டும். 1985 ஜனவரியில் தாய் வழியிலும் குடியுரிமை என்று சட்டம் மாறிய பிறகே இந்த அவலம் நின்றது.

பெயர்ச் சிக்கலோ தொடர்ந்தது. குடியுரிமை கேட்பவர் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். மென்பொருள் தொழிலதிபர் சோன் மசயோஷி 1990ல் குடியுரிமை பெற்றபோது, குடும்பத்தின் புழங்குபெயரான யாசுமோட்டோவை விட்டுச் சோன் என்ற கொரியக் குலப்பெயரையே கேட்டார். அப்படி ஒரு குடும்பப் பெயர் ஜப்பானியரிடம் இல்லை என்று மறுத்தார்கள். அவருடைய ஜப்பானிய மனைவி நீதிமன்றம் போய்த் தன் பெயரைச் சோன் என்று மாற்றிக்கொண்டார். ஜப்பானியர் ஒருவருக்கு அந்தப் பெயர் இருப்பதைக் காட்டிக் கணவரின் கோரிக்கை நிறைவேறியது. 1940ன் பெயர்ச் சட்டத்தைச் சரியாகத் தலைகீழாக்கிய செயல் இது.

1965ல் தூதரக உறவு வந்து, 1980களில் பயணக் கட்டுப்பாடும் தளர்ந்த பின் புதுவகைத் திருமணங்கள் பெருகின. தென்கொரியாவிலிருந்து மணமகளாக ஜப்பானுக்குப் போனவர்கள் ஏராளம். 1990ல் ஜப்பானில் பதிவான ஜப்பானிய–கொரியத் திருமணங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். எதிர்த் திசையில் ஒரு விநோதமான அலை எழுந்தது. மூன் சன்-மியுங்கின் ஒன்றிப்புத் திருச்சபை 1988 அக்டோபரில் ஏறத்தாழ 6,500 இணைகளுக்கு ஒரே நாளில் மணமுடித்தது. பெரும்பாலும் கொரிய–ஜப்பானிய இணைகள். ஜப்பான் தன் காலனியாட்சிப் பாவத்துக்குக் கொரியாவுக்குப் பணிந்து ஈடுசெய்ய வேண்டும் என்பது அந்தச் சபையின் போதனை. அதை நம்பி முன்பின் அறியாத விவசாயிகளுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஜப்பானியப் பெண்கள் பல ஆயிரம். வரலாற்றுக் குற்றவுணர்வைக் கலியாணமாக மாற்றிய இந்த ஏற்பாட்டில், அன்றைய பேரரசின் மணத்திட்டத்தைப் போலவே, தனிமனிதர் நாட்டின் பிரதிநிதியாக்கப்பட்டார்.

2003ல் ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஒளிபரப்பிய கொரியத் தொடர் 'குளிர்காலக் காதல்' ஜப்பானிய நடுவயதுப் பெண்களிடையே கொரிய மோகத்தைக் கிளப்பியது. அதன் மறுபக்கமாக, கொரிய எதிர்ப்பு நூல்களும் தெருவில் கொரியரைத் திட்டும் ஊர்வலங்களும் பெருகின. 2016ல் ஜப்பான் வெறுப்புப் பேச்சுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது, தண்டனைப் பிரிவு இல்லாமல். 2018ல் காலனிக் காலக் கட்டாய உழைப்பு வழக்கில் கொரிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2019ல் ஜப்பானின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, கொரியாவில் ஜப்பானியப் பொருள் புறக்கணிப்பு என்று ஒவ்வொரு அரசியல் மோதலும் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. இரு நாடுகளும் உரிமை கோரும் தீவுகள், போரில் இறந்த ஜப்பானியரைப் போற்றும் யாசுக்குனி ஆலயம், 'ஆறுதல் பெண்கள்' என்ற பெயரில் படைக்கு அடிமையாக்கப்பட்டோர் விவகாரம் ஆகியவற்றை உணவு மேசையில் எடுப்பதில்லை என்று பேசிவைத்துக்கொள்ளும் தம்பதியர் உண்டு. மார்ச் 1, விடுதலை நாளான ஆகஸ்ட் 15 பாடங்கள் நடக்கும் நாளில் கொரியப் பள்ளியில் ஜப்பானியத் தாயின் பிள்ளை நெளியும். இத்தனைக்கும் நடுவே, 2024ல் கொரிய ஆண்கள் ஜப்பானியப் பெண்களை மணந்தது முந்தைய ஆண்டைவிட 40 சதவீதம் கூடி 1,100ஐத் தாண்டியது.

காலனிக் காலத்தில் உருவான குடும்பத் தலைவர் முறைப் பதிவேட்டைத் தென்கொரியா 2008 ஜனவரியில் ஒழித்து, தனிநபர் வாரியான பதிவுக்கு மாறியது. ஜப்பானில் கோசெகி நீடிக்கிறது. வெளிநாட்டுத் துணைவர் அதில் உறுப்பினராக முடியாது. குறிப்புப் பகுதியில் மட்டுமே அவர் பெயர் வரும். 2012 வரை குடியிருப்போர் பதிவிலும் அவருக்கு இடமில்லை என்பதால் தாயும் பிள்ளைகளும் மட்டும் வாழும் வீடாகவே பல கலப்புக் குடும்பங்கள் காகிதத்தில் காட்சியளித்தன. ஜப்பானிய இணையர் இருவரும் ஒரே குடும்பப் பெயரை ஏற்றாக வேண்டும் என்ற விதி கலப்பு மணத்துக்குப் பொருந்தாது; கிம் கிம்மாகவும் தனாக்கா தனாக்காவாகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பிறப்பில் இரு குடியுரிமையும் கிடைக்கும். ஜப்பான் 20 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கொரியா 2011 முதல், வெளிநாட்டுக் குடியுரிமையைக் கொரிய மண்ணில் பயன்படுத்துவதில்லை என்று உறுதியளித்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள விடுகிறது. மகனாக இருந்தால் மட்டும், கொரியக் குடியுரிமையைத் துறக்க விரும்பினால் 18 வயது நிறையும் ஆண்டின் மார்ச் 31க்குள் துறக்க வேண்டும். தவறினால் பொதுவாகப் படைப் பணியை முடிக்கும்வரை அதைத் துறக்க முடியாது.